முள்ளின் கணக்கும் டாங்கியின் இருப்பும்

சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் நூறு சேலைகள் என்று எழுதியிருக்கலாம். பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தாலன்றி, அவை நூறுதானா என்று உறுதி கூற இயலாது. ஏட்டிருப்பும் சரக்கிருப்பும் ஒவ்வாதபோது, எழுதியதில் பிழையா, எண்ணியதில் பிழையா, சரக்கே குறைந்துள்ளதா என்று ஒவ்வொன்றாக ஆராய்தலே முறை. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் முள்ளும் ஒரு பதிவேடு போன்றதே. டாங்கியில் உள்ள பெட்ரோலை அது நேரே காட்டுவதில்லை. அதைப் பற்றி ஒரு கருவி அனுப்பும் கணக்கையே காட்டுகிறது. அக்கணக்கில் பிழை நேர்வதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றை அறிந்து, பிழையைக் கண்டு திருத்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நம் அங்கத்தினர்களுள் பலர் இன்று மோட்டார் சைக்கிளை நம்பியே தொழில் நடத்துகின்றனர். பாவும் ஊடையும் வாங்கி வருவதற்கும், நெய்த துணியைக் குறித்த நாளில் சங்கத்தில் சேர்ப்பதற்கும் நெசவாளருக்கு அது வேண்டியிருக்கிறது. விடியுமுன் பறித்த பூவையும் காயையும் வாடுமுன் சந்தையில் சேர்க்க வேளாண் மக்களுக்கும் அதுவே துணை. முள் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். பூ வாடும், விலை போகும். குறைவாகக் காட்டினாலோ, பெட்ரோல் போட்டவர்மீது ஐயம் எழும். இவ்விரண்டாவது கேட்டினைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முள் இயங்கும் விதம்

டாங்கிக்குள் பெட்ரோலின் மேல் ஒரு சிறு மிதவை மிதக்கிறது. மெக்கானிக்குகள் இதனை 'ஃப்ளோட்' என்பர். மிதவை ஒரு மெல்லிய கம்பிக் கையின் நுனியில் பொருத்தப்பட்டுள்ளது. பெட்ரோல் ஏறினால் கை ஏறும்; இறங்கினால் இறங்கும். கையின் மறுமுனையில் உள்ள சிறு உலோக நாக்கு, மின்சாரத்தைத் தடுக்கும் தன்மையுள்ள ஒரு தடத்தின்மீது உராய்ந்து நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்துக்கேற்பத் தடத்தின் மின்தடை கூடும் அல்லது குறையும். அதற்கேற்றவாறு கம்பி வழியே செல்லும் மின்சாரமும் மாறும். அம்மாற்றத்தைக் கைப்பிடிக்கு முன்னுள்ள மீட்டர் முள்ளாகவோ, கட்டங்களாகவோ காட்டுகிறது.

ஆகவே இவ்வமைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது டாங்கிக்குள் உள்ள மிதவைக் கருவி, இரண்டாவது கம்பியும் அதன் இணைப்புகளும், மூன்றாவது மீட்டர். முள் தவறும்போது இம்மூன்றில் எது தவறியது என்று பிரித்தறிவதே வேலையின் முக்காற்பங்கு. இதனை அறியாமல் எடுத்தவுடன் புது மீட்டர் வாங்கிப் பொருத்தி, பணம் செலவழிந்த பின்னும் பழைய நிலையிலேயே இருப்போர் பலர்.

குற்றமல்லாத வேறுபாடுகள்

பழுது என்று முடிவு செய்யுமுன், இயல்பான வேறுபாடுகள் எவை என்பதை அறிதல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் டாங்கி சதுரப் பெட்டியன்று. வண்டியின் நடுச்சட்டத்தின்மேல் சேணம்போல் அமர்வதற்காக அதன் அடிப்பாகம் நடுவில் குழிந்து இரு பக்கமும் தொங்கும். மேற்பாகம் அகன்றும் அடிப்பாகம் குறுகியும் இருப்பதால், முள் முதற்பாதியில் மெதுவாகவும் பிற்பாதியில் விரைவாகவும் இறங்குவதுபோல் தோன்றும். பாதி காட்டும் இடத்தில் பாதி பெட்ரோல்தான் இருக்கும் என்று கொள்ளுதல் தவறு.

வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை எந்தப் பக்கம் உள்ளதோ அதற்கேற்ப முள் கூடவோ குறையவோ காட்டும். மேடு பள்ளங்களிலும் இவ்வாறே. சமதரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்த கணக்கே கணக்காகும்.

மேலும், சாலையின் குலுக்கலில் முள் ஆடாதிருக்கும் பொருட்டு, பெரும்பாலான மீட்டர்கள் சற்றுத் தாமதித்தே காட்டும்படி அமைக்கப்பட்டுள்ளன. பெட்ரோல் போட்ட மறுநொடியே முள் ஏறவில்லை என்று முடிவு செய்யலாகாது. சாவியைத் திருப்பி ஓரிரு நிமிஷங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இக்காலத்தில் இதன் முக்கியத்துவம்

பழைய வண்டிகளில் டாங்கியின் அடியில் ஒரு குழாய்த் திருகு உண்டு. அதனுள் இரு வழிகள் இருந்தன. ஒன்று டாங்கிக்குள் சற்று உயர்ந்து நிற்கும் குழல். மற்றொன்று அடிமட்டத்துத் துவாரம். பெட்ரோல் குழலின் வாய்க்குக் கீழே இறங்கியதும் எஞ்சின் தடுமாறும். உடனே திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் அடியிலுள்ள மிச்சம் இறங்கும். முள் இல்லாவிடினும் இந்தத் தடுமாற்றமே எச்சரிக்கையாக அமைந்தது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கிணங்கப் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறின. இத்தகைய வண்டிகள் பலவற்றில் ரிசர்வ் திருகு இல்லை. அன்றியும், பெட்ரோலைத் தள்ளும் மின்பம்பு டாங்கிக்குள்ளேயே அமைந்துள்ளது. தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலாலேயே அப்பம்பு குளிர்ச்சி பெறுகிறது. அடிக்கடி டாங்கி வற்றும்வரை ஓட்டினால் பம்பு சூடேறி, அதன் ஆயுள் குறையும். ஆகையால் முன்னாளில் ஒரு சௌகரியமாக மட்டும் இருந்த முள், இந்நாளில் வண்டியின் நலத்துக்கே தேவையான உறுப்பாகிவிட்டது.

அளந்து பார்த்தலே சான்று

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், நூல் கொண்டுவரும் ஊழியர்மீது ஒரு புகார் இருந்தது. அவர் பெட்ரோல் போட்டதற்குரிய ரசீதுகளைக் குறைவின்றி ஒப்படைத்திருந்தார். ஆயினும் வண்டியின் முள் கால் பங்குக்கு மேல் என்றும் ஏறியதில்லை. ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு பெட்ரோலை வேறெங்கோ விற்றுவிடுகிறார் என்பது புகாரின் சாரம். அவ்வூழியர் தாமே விலகிவிடுவதாகக் கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

முள்ளைச் சாட்சியாகக் கொள்ளுமுன் முள்ளையே சோதிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரிடம் தெரிவித்தேன். ரிசர்வ் நிலைக்கு வந்த வண்டியைப் பங்குக்குக் கொண்டுசென்று, எஞ்சினையும் சாவியையும் அணைத்து, 2 லிட்டர் போட்டோம். மூடியை மூடி, வண்டியைத் தள்ளி அப்பால் நிறுத்தி, சாவியைத் திருப்பிப் பார்த்தபோது முள் கால் பங்கில் நின்றது. மீண்டும் 2 லிட்டர். அதே கால் பங்கு. பின்னர் கழுத்துவரை நிரப்பியும் முள் அசையவில்லை. டாங்கியைக் கழற்றிப் பார்த்தபோது, மிதவைக் கையின் ஆணி துருவேறி இறுகியிருந்தது. பதிவேட்டிலுள்ள கிலோமீட்டர்களையும் ரசீதுகளிலுள்ள லிட்டர்களையும் வகுத்துப் பார்த்ததில், லிட்டருக்கு ஓடிய தூரம் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பொய் சொன்னது முள், மனிதர் அல்லர். கடிதம் கிழிக்கப்பட்டது.

இச்சோதனையை எவரும் செய்யலாம். சமதரையில், வண்டியை நிமிர்த்தி, 2 லிட்டருக்கு ஒருமுறை முள்ளின் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பங்கின் அளவிலேயே ஐயம் இருப்பின், அங்கு வைத்திருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் அளந்து காட்டும்படி கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பெட்ரோலைப் பிளாஸ்டிக் புட்டிகளில் வாங்கிவந்து வீட்டில் அளந்து ஊற்றுதல் பேராபத்து. அதனை அறவே விலக்குக.

முள் படிப்படியாக ஏறி, ஆனால் கைப்புத்தகத்தில் கூறிய அளவுக்கு ஒத்துவராவிடின் அது அளவுப் பிழை. அசையாமல் நின்றாலோ, திடீரென்று தாவினாலோ அது உறுப்புப் பழுது.

முன்னெச்சரிக்கை

டாங்கியைத் தொடுமுன் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள நெருப்பையும் சென்று பற்றும். ஆகவே தறி உள்ள வீட்டினுள்ளும், நூல் வைத்த அறைக்கு அருகிலும், அடுப்பங்கரையின் பக்கத்திலும் இவ்வேலையைச் செய்யலாகாது. காற்றோட்டமுள்ள திறந்தவெளியில், பகற்பொழுதில், எஞ்சின் குளிர்ந்த பின்னரே தொடங்க வேண்டும். பீடி, விளக்கு இரண்டும் கூடா. டாங்கியைக் கழற்றுமுன் பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஒரு வாளி மணல் அருகில் இருத்தல் நலம். பெட்ரோல் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெட்டவெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியையும், மிதவையும் பம்பும் ஒரே தொகுப்பாக அமைந்த வண்டியையும் நாமே பிரிக்காமல் பணிமனையில் விடுவதே தக்கது. அவற்றிலும் கம்பி இணைப்புகளைப் பார்த்துத் துடைக்கும் வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

பழுதின் இடத்தை அறிதல்

முதலில் பாட்டரியைக் கவனிக்க வேண்டும். ஹாரன் கம்மி ஒலித்து, இண்டிகேட்டரும் மங்கினால், குறை பாட்டரியிலோ பொது எர்த் இணைப்பிலோ இருக்கலாம். அதனைச் சரிசெய்த பின்னரே முள்ளைப் பற்றி முடிவு கூற வேண்டும்.

அடுத்து, டாங்கியின் அடியில் மிதவைக் கருவியிலிருந்து வரும் கம்பிகளின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மழைநீரும் சேறும் புகுந்து பச்சை நிறக் களிம்பு ஏறியிருப்பது மிகச் சாதாரணம். களிம்பு ஏறினால் இணைப்பில் தேவையற்ற மின்தடை உண்டாகும். மின்தடை குறைந்தால் 'நிறைவு' என்று காட்டும் வண்டிகளில், இக்களிம்பு காரணமாக முள் உண்மைக்குக் குறைவாகவே காட்டும். மின்முனைகளைத் துடைக்கும் திரவம் கொண்டு சுத்தம் செய்து மீண்டும் இறுக்கிப் பொருத்தினால், செலவின்றியே பல வண்டிகள் சீராகிவிடும்.

அதன் பின்னும் குறை நீங்காவிடின், மல்ட்டிமீட்டரின் உதவியை நாட வேண்டும். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிய நிலையில், கருவியின் பக்கத்து முனைகளில் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் டாங்கி நிறைந்தபோது 4 முதல் 10 ஓம் வரையும், காலியானபோது 90 முதல் 100 ஓம் வரையும் காணப்படும். வேறு அளவுடைய வண்டிகளும், இதற்கு நேர்மாறாக அமைந்தவையும் உண்டு. ஆதலால் தம் வண்டிக்குரிய அளவைப் பணிமனைக் கையேட்டிலிருந்து தெரிந்துகொள்ளுதல் அவசியம். டாங்கியில் உள்ள பெட்ரோலுக்குப் பொருத்தமான அளவு கிடைத்தால் மிதவைக் கருவி நல்லது. குறை கம்பியிலோ மீட்டரிலோ உள்ளது. அளவே கிடைக்காவிடினும், பொருந்தாத அளவு கிடைத்தாலும் குறை கருவியில் உள்ளது.

இரு கம்பியுள்ள பழைய முள் மீட்டர்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. கனெக்டரைக் கழற்றி, மீட்டர் பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் சில விநாடிகள் மட்டும் இணைத்து, சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்றால் மீட்டரும் கம்பியும் நல்லவை. இச்சோதனையைக் கட்டங்கள் காட்டும் புதிய மீட்டர்களிலும், மூன்று கம்பியுள்ள அமைப்புகளிலும் செய்தல் கூடாது, மீட்டரே கெட்டுவிடக்கூடும்.

சீர்செய்யும் முறை

குறை மிதவைக் கருவியில் என்று உறுதியான பின், டாங்கியின் பெட்ரோலை உரிய தகரக் கலத்தில் வடித்து மூடி, டாங்கியை இறக்கி, கருவியின் நட்டுகளைக் கழற்ற வேண்டும். மிதவை எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, கம்பிக் கை வளையாதவாறு மெல்லச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்டால் மிதவை ஓட்டை. அது மூழ்கிக் கிடப்பதால் முள் எப்போதும் காலி என்றே காட்டும். இதனை ஒட்டுப்போட முயலாமல் மாற்றுதலே நன்று.

மிதவை நன்றாயிருப்பின், மல்ட்டிமீட்டரை இணைத்துக் கையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக உயர்த்த வேண்டும். ஓம் அளவு சீராக மாற வேண்டும். ஓரிடத்தில் தாவினால் அவ்விடத்தில் தடம் அழுக்கேறியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. துடைக்கும் திரவமும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்யலாம். உப்புத்தாளால் தேய்த்தல் கூடாது. தடத்தின் மெல்லிய படலம் அதனோடு போய்விடும். சுத்தம் செய்தும் தாவினால் கருவியை மாற்ற வேண்டியதுதான்.

உறுப்புகள் யாவும் நல்ல நிலையில் இருந்து, அளவு மட்டும் எப்போதும் ஒரே பக்கம் பிறழுமானால், கம்பிக் கையைச் சிறிது வளைத்துத் திருத்தலாம். முள் மிகுதியாகக் காட்டினால் மிதவையை மேல்நோக்கியும், குறைவாகக் காட்டினால் கீழ்நோக்கியும் வளைக்க வேண்டும். மேல்நோக்கி வளைத்தால், அதே பெட்ரோல் மட்டத்தில் கை முன்னிலும் தாழ்ந்து நிற்கும். ஆதலால் முள் குறையும். ஒரு முறைக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளைக்கலாகாது. மிதவை டாங்கியின் சுவரில் உரசாமல் இருத்தலும் வேண்டும்.

புதிய கருவி வாங்குவோர் தம் வண்டியின் அதே மாதிரிக்குரியதையே கேட்டு வாங்க வேண்டும். வேறு மாதிரியின் கருவி துவாரத்தில் சரியாகப் பொருந்தினாலும், அதன் ஓம் அளவு வேறாயிருப்பின் முள் என்றென்றும் பிழையாகவே காட்டும். மீண்டும் பொருத்தும்போது ரப்பர் காஸ்கெட்டைப் புதிதாக இடுதல் நலம். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சிறிதளவு பெட்ரோல் ஊற்றி, கசிவில்லை என்று கண்ட பின்னரே பாட்டரியை இணைக்க வேண்டும்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, இன்று நாடெங்கும் பரவியுள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் வாரக்கணக்காக ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் நீர் சேர்ந்து உலோக உறுப்புகள் துருவேற ஏதுவாகும். அடிக்கடி ஓட்டுதலும், டாங்கி மூடியின் ரப்பரைப் பழுதின்றி வைத்திருத்தலும் தக்க காப்பாகும்.

இரண்டாவது கணக்கு

முள் செம்மையாக இருந்தாலும் அதனை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும். டாங்கியைக் கழுத்தின் அடிவரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. சில நாட்கள் ஓட்டியபின் அதே மட்டத்துக்கு மீண்டும் நிரப்புக. இடையில் 312 கிலோமீட்டர் ஓடி, இப்போது 6.5 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஆகிறது. டாங்கி 10 லிட்டர் கொள்ளுமானால், அடியில் 1.5 லிட்டரை ஒதுக்கி, எஞ்சிய 8.5 லிட்டருக்கு 408 கிலோமீட்டர். சுமைக்கும் நெரிசலுக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, வசதியாக 360 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். அந்தத் தூரம் நெருங்கியதும், முள் எதைக் காட்டினும் பெட்ரோல் போட்டுவிட வேண்டும்.

சங்கத்துக்குச் சொந்தமான வண்டி இருப்பின், தேதி, கிலோமீட்டர், போட்ட லிட்டர், ரசீது எண் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட ஏடு ஒன்று போதும். மாதம் ஒருமுறை வகுத்துப் பார்த்தால், வண்டியின் குறையும் தெரியும். கணக்கின் குறையும் தெரியும். ஏட்டின் அளவு நிலையாக இருந்து முள் மட்டும் மாறினால், மெக்கானிக்கை அழைக்க வேண்டும். ஏட்டின் அளவே திடீரென்று குறைந்தால், காற்றழுத்தம், பிரேக் இறுக்கம், கசிவு ஆகியவற்றை முதலில் பார்த்து, பின்னரே மற்றவற்றை விசாரிக்க வேண்டும். ஓர் ஊழியரின் நற்பெயர், ஒரு மில்லிமீட்டர் துருவைக் காட்டிலும் மிகப் பெரிது.

பயிற்சி வினாக்கள்

1. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி முள்ளைப் பார்ப்பது ஏன் பிழையான கணக்கைத் தரும்?

2. முள் எப்போதும் காலி என்றே காட்டுகிறது. மிதவையில் ஓட்டையா, கம்பியில் குறையா என்று எவ்வாறு பிரித்தறிவீர்?

3. முள் மிகுதியாகக் காட்டும்போது மிதவையை ஏன் மேல்நோக்கி வளைக்க வேண்டும்?

4. ஒரு வண்டி 405 கிலோமீட்டர் ஓடி 9 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு எவ்வளவு? ஒதுக்கியது போக 7 லிட்டர் உள்ளபோது, பத்தில் ஒரு பங்கு கழித்து எவ்வளவு தூரம் நம்பிச் செல்லலாம்?

5. உங்கள் சங்கத்து வண்டியின் ஏட்டை எடுத்து, கடந்த மூன்று மாதங்களின் அளவை வகுத்து ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின், அதற்குரிய காரணங்களை எந்த வரிசையில் ஆராய்வீர் என்பதை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைக்க.